டச் ரக்பி: இன்னும் 12 வாரம், தினமும் 8 கிலோமீட்டர் ஓட வேண்டுமா?

கேள்வி: எங்கள் நாட்டின் மிக்ஸட் (ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடும்) டச் ரக்பி அணிக்கு நான் கேப்டன். எதிராளியைப் பிடித்து வீழ்த்தாமல், கையால் தொட்டாலே (டச்) போதும் என்கிற ரக்பி இது. 14 பேரில் ஒருவர்கூடத் தொழில்முறை ஆட்டக்காரர் இல்லை. வேலை, படிப்பு, குழந்தைகள் என்று எல்லோருக்கும் வேறு வாழ்க்கை இருக்கிறது. ஆளுக்கொரு ஊரில் இருப்பதால் மாதத்தில் ஒரு வார இறுதியில் மட்டும் கூடிப் பயிற்சி செய்கிறோம். விமானக் கட்டணம், தங்கும் செலவு எல்லாம் சொந்தப் பணம். சர்வதேசப் போட்டிக்கு இன்னும் 12 வாரம் இருக்கிறது. சென்ற போட்டியில் முதல் நாள் இரண்டு ஆட்டங்களிலும் ஜெயித்தோம். மூன்றாம் நாள் கால்கள் எழவே இல்லை. மூன்று பேருக்கு ஹாம்ஸ்ட்ரிங் (தொடையின் பின்தசை) பிடித்துக்கொண்டது. ‘ஸ்டாமினா போதவில்லை’ என்று சொல்லி இந்த முறை எங்கள் கோச் எல்லோரையும் தினமும் 8 கி.மீ. ஓடச் சொல்லியிருக்கிறார். ஓடுகிறோம். ஆனால் வேகம் குறைந்த மாதிரி தெரிகிறது. சென்ற முறை அடிபட்டவர்களில் ஒருவர் இப்போதும் எதையோ மறைக்கிறார் என்றும் எனக்குச் சந்தேகம். இருக்கிற நேரத்தில் எதைச் செய்வது, எதை விடுவது?

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. தினசரி 8 கி.மீ. ஓட்டத்தை இந்த வாரமே நிறுத்தலாம். கோச் கவனித்தது சரிதான், மூன்றாம் நாள் உங்களிடம் தெம்பு இல்லை. அதற்கு அவர் எழுதிக் கொடுத்த மருந்துதான் வேறு நோய்க்கானது. நான் விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் இயன்முறை மருத்துவர். அதனால் என் பதில் காயத்தின் பக்கமிருந்துதான் தொடங்கும். ஆனால் உங்கள் விஷயத்தில் காயமும் களைப்பும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

முதலில் உங்கள் ஆட்டத்தையே பாருங்கள். 70 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம். உள்ளே 6 பேர், வெளியே 8 பேர். 20 நிமிடமாக இரண்டு பாதி. பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டச் வரைதான், பிறகு பந்து எதிரணிக்கு. சப் (ஆள் மாற்றம்) எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். இந்தக் கடைசி விதியை வைத்துத்தான் மொத்தத் தயாரிப்பையும் யோசிக்க வேண்டும். உங்கள் மிடில் ஆட்டக்காரர் (களத்தின் நடுவே ஆடுபவர்) ஒரு தடவை உள்ளே போனால் இரண்டு மூன்று நிமிடம் இருப்பார். அந்த நேரத்தில் அவர் செய்வது என்ன? முன்னே பாய்வது, டச் வைப்பது, விதிப்படி திரும்பி 7 மீட்டர் பின்வாங்குவது, மறுபடி பாய்வது. பந்து கைக்கு வந்தால் முன்னே பாய்ந்து டச் வாங்குவது (ட்ரைவ்), பந்தைத் தரையில் வைத்துத் தாண்டுவது (ரோல் பால்), பின்னால் நிற்பவராக (ஹாஃப்) அதை எடுத்துக்கொண்டு ஓடுவது. பிறகு வெளியே வந்து மூச்சு வாங்குவார். 40 நிமிடம் ஒரே சீராக ஓடும் ஆள் உங்கள் அணியில் யாருமே இல்லை. சப் பெட்டிக்கு (மாற்று ஆட்கள் காத்திருக்கும் இடம்) எதிர்ப்பக்கம் மாட்டிக்கொள்ளும் விங்கர் (ஓரத்தில் ஆடுபவர்) மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்படிக் குட்டிக் குட்டியாகப் பாய்வதற்குத் தசை முதலில் கைவைப்பது பாஸ்போகிரியேட்டின் என்ற சேமிப்பில். சில விநாடி முழுவேகத்துக்கு அது போதும். ஓய்வு கிடைத்தால் சுமார் 30 விநாடியில் பாதி திரும்பிவிடும், 3 முதல் 5 நிமிடத்தில் ஏறக்குறைய முழுதும் நிரம்பிவிடும். இரண்டரை நிமிடம் ஆடி, மூன்று நிமிடம் வெளியே நின்றவர் கிட்டத்தட்டப் புது ஆளாகத் திரும்பி வருவது இதனால்தான். ‘எனக்கு இன்னும் முடியும்’ என்று ஆறு நிமிடம் உள்ளேயே நின்றவருக்கு அந்த மூன்று நிமிடம் போதாது. அடுத்த முறை அவர் பாதி டாங்க்கோடுதான் உள்ளே வருவார். இதை ஒரு நாளில் இரண்டு ஆட்டம், மூன்று நாள் என்று கூட்டிக்கொண்டே போங்கள். உங்கள் மூன்றாம் நாள் அங்கேதான் போயிருக்கிறது.

சென்ற போட்டியின் வீடியோ இருந்தால் ஒன்றை எண்ணிப் பாருங்கள்: மூன்றாம் நாள் ஆஃப்சைடுக்காக எத்தனை பெனால்ட்டி கொடுத்தீர்கள்? டச்சில் களைப்பு முதலில் தெரிவது ஓட்ட வேகத்தில் இல்லை. 7 மீட்டர் முழுதாகப் பின்வாங்காமல் ஐந்தாவது மீட்டரிலேயே திரும்பிவிடுவதில்தான் தெரியும். அப்புறம் பெனால்ட்டி, எதிரணிக்கு மறுபடியும் ஆறு டச், உங்கள் கோட்டருகிலேயே இன்னொரு தடுப்பாட்டம். ஆக, களைத்த அணிதான் எதிரணியைவிட அதிகம் ஓட வேண்டியிருக்கும்.

சரி, ஹாம்ஸ்ட்ரிங்குக்கு வருவோம். டச்சில் டாக்கிள் (ஆளைப் பிடித்து வீழ்த்துவது) கிடையாது, அதனால் அடியும் கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். 1960-களில் சிட்னியில் ரக்பி லீக் ஆட்டக்காரர்களின் பயிற்சி ஆட்டமாகத் தொடங்கியது என்பதாலோ என்னவோ, இன்றும் இதை ‘லேசான ரக்பி’ என்று பார்ப்பவர்கள் உண்டு. டாக்கிள் போனதும் அந்த இடத்துக்கு வந்தது வேகம். முழுவேகத்தில் ஓடும்போது, முன்னே வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு, தொடையின் பின்தசை நீண்டுகொண்டே பிரேக் போட வேண்டியிருக்கிறது. ஹாம்ஸ்ட்ரிங் காயங்களில் பெரும்பாலானவை அந்தக் கணத்தில்தான் நேர்கின்றன. மெதுவோட்டத்தில் அந்தக் கணமே வருவதில்லை. உங்கள் ஆட்கள் தினமும் 8 கி.மீ. ஓடினாலும் அந்தத் தசை முழுவேகத்தின் பாரத்தை ஒரு தடவைகூடப் பார்த்திருக்காது. போட்டி அன்று, எதிரணியின் தடுப்பை உடைத்துக்கொண்டு ஓடும் முதல் நீண்ட ஓட்டத்தில்தான் பார்க்கும்.

ஆகவே முழுவேக ஓட்டம்தான் ஆபத்து, அதைப் பழகிவைப்பதுதான் பாதுகாப்பும். வாரத்தில் இரண்டு நாள் போதும். நன்றாக வார்ம்-அப் செய்துவிட்டு 20 மீட்டர் நாலு தடவை, 40 மீட்டர் மூன்று தடவை. ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு மூன்று நிமிடம் சும்மா நடக்க வேண்டும். இந்த ஓய்வை யாரும் மதிப்பதில்லை. வியர்க்காவிட்டால் பயிற்சியே செய்யாத மாதிரி இருக்கிறது என்பார்கள். ஓய்வைக் குறைத்தால் அது வேகப் பயிற்சியாக இருக்காது, இன்னொரு மூச்சுப் பயிற்சியாகிவிடும். இத்தனை வாரம் மெதுவாக ஓடிய கால்களை நேரே முழுவேகத்துக்கு விடாதீர்கள். முதல் வாரம் முக்கால் வேகம், இரண்டாம் மூன்றாம் வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நாலாம் வாரத்திலிருந்து முழு வேகம்.

கூடவே நார்டிக் பயிற்சி. முழங்காலில் நின்று, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து மெல்ல முன்னே சாய்வது. வீட்டில் தனியாக இருப்பவர் கனமான கட்டிலுக்கு அடியில் காலை மாட்டிக்கொள்ளலாம். இந்தப் பயிற்சி சேர்ந்த திட்டங்களில் ஹாம்ஸ்ட்ரிங் காயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் 2019-இல் கணக்கிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை கால்பந்து வீரர்களிடம் செய்யப்பட்டவை. ஆனாலும் ஓடும் கால் ஒன்றுதானே. வாரம் இரண்டு நாள், முதலில் இரண்டு செட், ஒவ்வொன்றிலும் நாலைந்து தடவை, போகப் போக மூன்று செட் எட்டு வரை. முதல் இரண்டு வாரம் தொடை நன்றாக வலிக்கும், உட்கார்ந்து எழுவதுகூடச் சிரமமாக இருக்கும். அதனால்தான் இதை இப்போதே தொடங்கச் சொல்கிறேன். கடைசி மாதத்தில் யாராவது புதிதாக ஆரம்பித்தால் தடுத்துவிடுங்கள்.

உள்தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் ஆளுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தி இறக்குவது, பக்கவாட்டில் படுத்து மேல் காலை ஒரு பெஞ்சில் வைத்து இடுப்பைத் தூக்குவது. முப்பது வயதைத் தாண்டியவர்கள் கெண்டைக்கால் பயிற்சியைத் தவற விட வேண்டாம், அவர்களுக்குப் பிடித்துக்கொள்ளும் அடுத்த இடம் பெரும்பாலும் அதுதான்.

மூன்றாவது விஷயம், ஆட்டத்துக்கே உரிய மூச்சு. 7 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போடுங்கள். பின்கோட்டிலிருந்து பாய்ந்து முன்கோட்டில் கை வைத்து, திரும்பிப் பின்கோட்டுக்கு ஓடி, உடனே மறுபடி. இப்படி ஆறு முறை. எதிரணியின் ஆறு டச்சையும் தடுத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 20 விநாடி நின்று இன்னொரு ஆறு, பிறகு இன்னொரு ஆறு. எல்லாம் சேர்த்து இரண்டரை நிமிடம் ஆகும். மூன்று நிமிடம் ஓய்வு. இது ஒரு சுற்று. இப்போது நாலு சுற்று, எட்டாம் வாரத்தில் எட்டுச் சுற்று. வாரம் ஒரு நாள் இது போதும், வேகப் பயிற்சிக்கு அடுத்த நாள் மட்டும் வேண்டாம். தனி ஆளாக, எந்த ஊரிலும், பந்தே இல்லாமல் இதைச் செய்யலாம் என்பது உங்கள் அணிக்குப் பெரிய வசதி.

நெடுந்தூர ஓட்டத்தை முழுக்கத் திட்டவும் மாட்டேன். பாய்ச்சல்களுக்கு நடுவே சீக்கிரம் மீள்வதற்கு ஆக்சிஜன் வழி வலுவாக இருக்க வேண்டும், அதற்கு அந்த ஓட்டம் உதவுகிறது. பிடித்தவர்கள் வாரம் ஒரு தடவை அரை மணி நேரம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓடட்டும். ஆக வாரத்தில் மூன்று நாள் உண்மையான பயிற்சி, இஷ்டமிருந்தால் ஒரு நாள் லேசான ஓட்டம். வேலைக்குப் போகிறவர்களிடம் இதற்கு மேல் கேட்டால், முதலில் தூக்கத்தில்தான் கை வைப்பார்கள். அரைகுறைத் தூக்கத்தோடு செய்யும் நாலாவது பயிற்சியைவிட அந்த ஒரு மணி நேரத் தூக்கம் மேல் என்பது என் கருத்து.

இனி உங்கள் மாதாந்திர முகாம். அங்கே உடற்பயிற்சி செய்யவே கூடாது என்று சொல்வேன். தனியே செய்யக்கூடியதைத் தனியே செய்துவிட்டு வரட்டும். எல்லோரும் சேர்ந்தால்தான் பழக முடிகிற விஷயங்கள் இரண்டு மூன்று உண்டு. அதில் முதலாவது சப். வெளியே வருபவர் சப் பெட்டிக்குள் வந்த பிறகுதான் அடுத்தவர் உள்ளே போக முடியும். யார் யாரோடு மாறுகிறார்கள், யார் குரல் கொடுப்பது, எந்த டச்சில் கிளம்புவது என்பதெல்லாம் வாய்ப் பேச்சில் வராது, காலில் வர வேண்டும். நீங்கள் மிக்ஸட் அணி. களத்தில் ஒரே நேரத்தில் மூன்று ஆண்களுக்கு மேல் இருக்க முடியாது. எனவே களைத்த நிலையில் கணக்குத் தப்பும் வாய்ப்பு உங்களுக்குக் கூடுதல். ஜோடிகளை இப்போதே நிரந்தரமாக்கிவிடுங்கள். மிடில் இருவருக்கு மொத்தம் ஐந்து பேர், லிங்க்குக்கு (மிடிலுக்கும் விங்குக்கும் இடையே ஆடுபவர்) ஐந்து பேர், விங்குக்கு நாலு பேர் என்று 14 பேரைப் பிரிப்பது ஒரு வழி. மிடில்தான் அதிகம் ஓடுவதால் அங்கே ஆளைக் குறைக்காதீர்கள்.

எதிர்ப்பக்க விங்கர் விஷயம் இதுதான். சப் பெட்டி ஒரு பக்கம், அவர் நிற்பது மறுபக்கம், நடுவே 50 மீட்டர். மாற வேண்டுமென்றால் ஆட்டத்தின் நடுவே குறுக்கே ஓட வேண்டும். அதனால் பல அணிகளில் அவரை அப்படியே மறந்துவிடுகிறார்கள். ஹாம்ஸ்ட்ரிங் பிடித்த மூவரில் விங்கர் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை. ஒருவராவது இருப்பார் என்று நினைக்கிறேன். ஒரு டச்டவுன் (கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) விழுந்த பிறகு கிடைக்கும் இடைவெளியில் அவரை மாற்றுவது, இல்லாவிட்டால் பாதி ஆட்டத்துக்குள் இரண்டு விங்கர்களும் பக்கம் மாற்றிக்கொள்வது என்று ஒரு வழக்கத்தை முகாமில் பழகுங்கள்.

இரண்டாவது, டிராப்-ஆஃப். நாக்-அவுட் ஆட்டம் சமனில் முடிந்தால் இரு அணியும் நாலு நாலு பேராகக் குறைந்து இரண்டு நிமிடம் ஆட வேண்டும். அப்போதும் சமன் என்றால் இன்னும் ஒருவர் வெளியே, பிறகு முதல் டச்டவுன் விழும்வரை ஆட்டம். மூன்று பேர் 50 மீட்டர் அகலத்தைக் காப்பது எப்படி இருக்கும் என்பதை முதல் தடவையாகப் போட்டியில் தெரிந்துகொள்ள வேண்டாம். களைத்த பிறகு, முகாமின் கடைசி அரை மணியில் இதை ஆடிப் பாருங்கள். எந்த நால்வர் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். அது பெரும்பாலும் நீங்கள் எதிர்பார்த்த நால்வராக இருக்காது.

மூன்றாவது, போட்டியின் அட்டவணையையே ஒத்திகை பாருங்கள். எட்டாம் வார முகாமில் சனிக்கிழமை காலை ஓர் ஆட்டம், மாலை ஓர் ஆட்டம், ஞாயிறும் அதே மாதிரி. எதிரணி கிடைக்காவிட்டால் உங்களுக்குள் பிரிந்து, வெளியிலிருந்து நாலைந்து பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை ஆட்டத்தைத்தான் வீடியோ எடுக்க வேண்டும். 2024 ஜூலையில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் நடந்த உலகக் கோப்பை ஒரு வாரம் ஓடியது. அப்படிப்பட்ட போட்டியில் மேலே போகிற அணிக்குக் கடைசி நாளும் கால் இருக்க வேண்டும். முதல் நாள் ஜெயிக்கும் அளவுக்கு நீங்கள் ஏற்கெனவே இருக்கிறீர்கள்.

கடைசி இரண்டு வாரம் தனி விஷயம். பரீட்சைக்கு முந்தின இரவு முழுப் புத்தகத்தையும் புரட்டும் பிள்ளை மாதிரி, அமெச்சூர் அணிகள் விட்டதையெல்லாம் அந்த இரண்டு வாரத்தில் பிடிக்கப் பார்ப்பார்கள். உடம்பு அதை வாங்கிக்கொள்ள நேரமே இல்லை, களைப்பு மட்டும் மிஞ்சும். பயிற்சியின் அளவைப் பாதியாகக் குறையுங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள். ஏழு தடவை ஓடிய இடத்தில் மூன்று நாலு, ஆனால் முழு வேகத்தில். உடம்பு துருதுருவென்று இருக்கும், ‘ஃபிட்னஸ் போய்விடுமோ’ என்று பயம் வரும். இரண்டு வாரத்தில் அப்படிப் போய்விடாது.

பயணத்தைப் பற்றிச் சுருக்கமாக. நேர மண்டலம் மாறினால் ஒரு மணி வித்தியாசத்துக்குச் சுமார் ஒரு நாள் என்று உடம்பு எடுத்துக்கொள்ளும், கிழக்கு நோக்கிப் போனால் இன்னும் சிரமம். விடுப்பும் பணமும் அனுமதிக்கும் அளவுக்கு முன்னதாகப் போய்ச் சேருங்கள். வெயில் ஊர் என்றால் (2019 உலகக் கோப்பை மலேசியாவில் நடந்தது, அந்தப் புழுக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள்) உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அத்தனை நாள் முன்னதாகப் போக முடியாது. அதனால் கிளம்பும் முன் இங்கேயே வெயில் நேரத்தில் பயிற்சி செய்யத் தொடங்குங்கள், முதலில் லேசாக. ஷூவைக் கையிலேயே எடுத்துச் செல்லுங்கள், பெட்டி வராமல் போகலாம். திருகிப் பொருத்தும் ஸ்டட் (அடிப்பாகத்தில் இருக்கும் குமிழ்) வைத்த ஷூவை டச்சில் அனுமதிக்க மாட்டார்கள், அச்சிலேயே வார்த்த ஸ்டட்தான், அதுவும் 13 மி.மீ. உயரத்துக்கு மேல் கூடாது. புது ஷூவைப் போட்டிக்கென்று வாங்கி அங்கே பிரிப்பவர் அணிக்கு ஒருவராவது இருப்பார். அவரைக் கண்டுபிடித்து இப்போதே போட்டு ஓடச் சொல்லுங்கள். நகத்தையும் வெட்டச் சொல்லுங்கள், நடுவர்கள் பார்ப்பார்கள்.

போட்டி நாட்களில் இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே உள்ள நேரம்தான் உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம். முதல் ஆட்டம் முடிந்து எல்லோரும் மைதான ஓரத்தில் நின்று மற்ற ஆட்டங்களைப் பார்ப்பார்கள். வெயிலில், நனைந்த உடையோடு, ஒன்றும் சாப்பிடாமல். அரை மணிக்குள் நிழல், உலர்ந்த துணி, சாப்பாடு. அடுத்த ஆட்டம் சில மணி நேரத்தில் என்றால், ஒரு மணிக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 1 கிராம் மாவுச்சத்து போக வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 60 கிராம், அதாவது இரண்டு பெரிய வாழைப்பழம், அல்லது நாலைந்து துண்டு ரொட்டி. பசி எடுக்காது, ஆனாலும் சாப்பிட வேண்டும். இதற்கென்று ஒருவரைப் பொறுப்பாக்குங்கள், அது நீங்களாக இருக்க வேண்டாம், கேப்டனுக்கு வேறு வேலை இருக்கும். தண்ணீரைத் தாகத்துக்குக் குடித்தால் போதும். லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீரைக் குடித்து ரத்தத்தில் சோடியம் குறைந்து மயங்குவதும் நடக்கிற விஷயம்தான். இரண்டாவது ஆட்டத்துக்கு முழு வார்ம்-அப் வேண்டாம், எட்டுப் பத்து நிமிடம் போதும், ஆனால் அதில் இரண்டு முழுவேக ஓட்டம் கட்டாயம் இருக்கட்டும்.

ஐஸ் குளியல் பற்றிக் கேட்பீர்கள். நாளின் கடைசி ஆட்டம் முடிந்த பிறகு 10 முதல் 15 டிகிரி நீரில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் மறுநாள் வலி கொஞ்சம் குறையும். இந்த 12 வாரப் பயிற்சிக் காலத்தில் வேண்டாம், வலு ஏறுவதை அது மட்டுப்படுத்துகிறது. மாலை ஆட்டத்துக்கு முன் காபி குடிப்பவர்கள் யோசித்துக் குடியுங்கள். ஐந்து மணி நேரம் கழித்தும் அதில் பாதி உடம்பில் இருக்கும். ஐஸும் மசாஜும் செய்வதைவிட அதிக வேலையைத் தூக்கம் செய்கிறது. அறை பகிரும்போது குறட்டை விடுபவரைக் குறட்டை விடுபவரோடு சேர்த்துவிடுங்கள், நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

மாத்திரை விஷயத்தில் அமெச்சூர் அணிகள் காட்டும் அலட்சியம் எனக்குக் கவலை தருகிறது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று புதுப்பிக்கப்படுகிறது. டிராமடால் என்ற வலி மாத்திரை 2024 ஜனவரி முதல் போட்டிக் காலத்தில் தடை. மூக்கடைப்புக்குத் தரும் சில சளி மாத்திரைகளில் இருக்கும் சூடோஎபெட்ரின் குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால் தடை. ஆஸ்துமா இன்ஹேலர் வைத்திருப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் இப்போதே பேசட்டும். இபுபுரூஃபனுக்குத் தடை இல்லை. ஆனால் நீர் வற்றிய உடம்போடு, வெயிலில், ஆட்டத்துக்கு ஆட்டம் அதை விழுங்குவது சிறுநீரகத்துக்கு நல்லதில்லை. பெண்களில் யாராவது நன்றாகத் தூங்கியும் தொடர்ந்து சோர்வாக இருக்கிறார்கள் என்றால், இன்னும் ஓடச் சொல்வதற்கு முன் ரத்தத்தில் இரும்புச்சத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 12 வாரம் என்பது அதைச் சரிசெய்யவும் போதுமான காலம்.

அடுத்து, மறைக்கிறார் என்று நீங்கள் சந்தேகிக்கும் அந்த ஒருவர். உங்கள் கடிதத்தில் கஷ்டமான பகுதி இதுதான். ஒருமுறை ஹாம்ஸ்ட்ரிங் போனவருக்கு மறுபடி போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அவர் ஏன் மறைக்கிறார் என்பதும் புரிகிறது. தன் பணத்தில் டிக்கெட் எடுக்கிறார், விடுப்பு வாங்கியிருக்கிறார், வீட்டில் சொல்லிவிட்டார். சம்பளம் வாங்கும் ஆட்டக்காரரை வெளியே உட்கார வைப்பதைவிடச் சொந்தச் செலவில் வருபவரை உட்கார வைப்பது பல மடங்கு கஷ்டம். எனவே அதை ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் சொல்லும் தீர்ப்பாக விடாதீர்கள். டிக்கெட் பணம் கட்டும் தேதிக்கு முன்பே ஒரு நாளைக் குறியுங்கள். அந்த நாளுக்குள் 14 பேரும், அவர் மட்டும் இல்லை, நீங்களும்தான், முழு வேகத்தில் 40 மீட்டர் ஓட வேண்டும், குறைந்தது இரண்டு வெவ்வேறு நாட்களில், மறுநாள் காலை வலி இல்லாமல். வீடியோ எடுத்து அனுப்பட்டும். முடியாதவர் அணிக்கு வரலாம், ஆட்டக்காரராக வரக்கூடாது. அப்படியென்றால் யாரை அழைப்பது என்று 15, 16-ஆவது ஆட்களையும் இந்தத் திட்டத்திலேயே ஓட வைத்துக்கொண்டிருங்கள்.

ஆட்ட நேரம் எப்படிப் பகிரப்படும் என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள். பிரிவு ஆட்டங்களில் எல்லோருக்கும் குறைந்தபட்ச நேரம் உறுதி, நாக்-அவுட்டில் கோச்சின் முடிவு என்பது ஓர் ஏற்பாடு. வேறு மாதிரியும் வைக்கலாம். எதுவானாலும் பணம் கட்டுவதற்கு முன் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 14 பேரையும் உண்மையாகப் பயன்படுத்துகிற அணிக்குத்தான் மூன்றாம் நாள் கால் இருக்கும் என்பதால் இதை நியாயம் என்ற கணக்கில் மட்டும் சேர்க்க வேண்டாம்.

கோச்சிடம் எப்படிச் சொல்வது? விவாதம் வேண்டாம், ஸ்டாப்வாட்ச் எடுத்துக்கொள்ளுங்கள். வரும் முகாமில், சனிக்கிழமை காலை, களைப்பதற்கு முன் ஒரு சோதனை: 15 மீட்டர் போய்த் திரும்புவது, ஒவ்வொரு 20 விநாடிக்கும் ஒரு தடவை, மொத்தம் ஆறு. ஒவ்வொருவருக்கும் முதல் ஓட்ட நேரத்தையும் ஆறாவது ஓட்ட நேரத்தையும் எழுதிவைக்கச் சொல்லுங்கள். இதை அவரே நடத்தட்டும். எட்டாம் வார முகாமில் மறுபடி அதே சோதனை. முதல் நேரம் குறைந்திருக்கிறதா, ஆறாவது நேரம் முதலாவதுக்கு நெருங்கியிருக்கிறதா என்று அவரே பார்த்துக்கொள்வார். சென்ற முறை ஹாம்ஸ்ட்ரிங் பிடித்த மூவர் மட்டும் இந்த முகாமில் ஓட வேண்டாம். அவரவர் ஊரில் ஓர் இயன்முறை மருத்துவரிடம் இரண்டு காலின் வலுவையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த முகாமில் சேர்ந்துகொள்ளட்டும்.